பீர் பில்லிங்கில் பறக்கப் போறீங்களா? 'இன்னிக்கு வேண்டாம்'னு சொல்லவும் தெரிஞ்சுக்கோங்க!

காலை பத்து மணி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், ஒரு புல்வெளிச் சரிவில் நிற்கிறீர்கள். முதுகுக்குப் பின்னால் ஒருவர். அவரோடு சேர்த்து உங்களைக் கொக்கி போட்டு மாட்டியிருக்கிறார்கள். அவருக்குப் பின்னால் கலர் கலராக ஒரு பெரிய துணி விரித்துக் கிடக்கிறது. முன்னால் பத்து இருபது அடிக்கு மேல் தரையே தெரியவில்லை. ரொம்பக் கீழே, தீப்பெட்டி சைஸில் வீடுகள். திடீரென்று காதுக்குப் பக்கத்தில் ஒரு கத்தல்: "தௌடோ... தௌடோ!"

ரீல்ஸில் இந்த இடத்தில்தான் மியூசிக் ஆரம்பிக்கும். ஆனா, உங்க உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள் எல்லாம் இதுக்கு முந்தின அரை மணி நேரத்திலேயே முடிவாகியிருக்கும். அன்றைய காற்று, மாட்டின பெல்ட், கூட வர்ற பைலட், கேட்ட கேள்விகள், கேட்காமல் விட்ட கேள்விகள் எல்லாமே அதில் அடக்கம்.

இந்தியாவில் பாராகிளைடிங் என்றாலே முதலில் வாயில் வரும் பெயர், இமாச்சலப் பிரதேசத்தின் பீர் பில்லிங். அங்கே போகும் எண்ணம் இருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன்பு இதை ஒருமுறை படிச்சிடுங்க.

பீர் வேற, பில்லிங் வேற!

பேரைக் கேட்டுச் சிரிக்காதீங்க. 'பீர்' என்பது ஊர். காங்ரா மாவட்டத்தில், தௌலாதார் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. 1960-களில் திபெத்திலிருந்து வந்த அகதிகளுக்காக இங்கே ஒரு குடியிருப்பு உருவானது. அதனால் இன்றும் ஊரில் புத்த மடாலயங்கள், பிரார்த்தனைக் கொடிகள், மோமோ கடைகள் என்று திபெத் வாசனை தூக்கலாக இருக்கும். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் படிக்கட்டு வயல்களும்.

'பில்லிங்' என்பது பீரிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறிப்போனால் வரும் புல்வெளி. டேக்-ஆஃப் அங்கே, லேண்டிங் பீரில். ஜீப்பில் மேலே ஏறி, காற்றில் கீழே இறங்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உயர வித்தியாசம் மட்டும் ஏறத்தாழ 1,000 மீட்டர்.

1980-களில் ஹேங் கிளைடிங் ஆட்கள் வந்து பறக்க ஆரம்பித்த இடம் இது. பிறகு பாராகிளைடர்கள் வந்தார்கள். 2015 அக்டோபரில் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி இந்தியாவில் முதல்முறையாக நடந்தது இங்கேதான். 2024 நவம்பரிலும் மறுபடி நடந்தது. அக்டோபர், நவம்பரில் போனால், ஒரே நேரத்தில் வானத்தில் நூறு துணிகளைக்கூடப் பார்க்கலாம்.

கோவாவில் போனது பாராகிளைடிங் இல்லை!

"நான் ஏற்கெனவே கோவாவில் பண்ணியிருக்கேனே" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது பாராசெய்லிங். அதில் உங்களை ஒரு மோட்டார் படகு கயிறு கட்டி இழுக்கும். படகு நின்றால் நீங்கள் மெதுவாக இறங்கிவிடுவீர்கள். விமானத்திலிருந்து குதித்து, பாதி வழியில் பாராசூட்டை விரிப்பது ஸ்கைடைவிங். அலுமினியக் கம்பிச் சட்டம் போட்ட முக்கோண இறக்கையில் படுத்தபடி பறப்பது ஹேங் கிளைடிங்.

பாராகிளைடிங்கில் இன்ஜின் இல்லை, இழுக்கும் கயிறு இல்லை, சட்டமும் இல்லை. துணி, நூல், காற்று, பைலட்டின் இரண்டு கைகள். மொத்தக் கருவியையும் மடித்து ஒரு முதுகுப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே மலை ஏறிவிடலாம். 1978-ல் பிரான்ஸின் மியூஸி என்ற ஆல்ப்ஸ் கிராமத்தில் பாராசூட் வீரர்கள் சிலர், "விமானத்துக்கு ஏன் செலவு பண்ணணும்? மலைச்சரிவில் ஓடியே கிளம்பிப் பார்க்கலாமே" என்று முயன்றதிலிருந்துதான் இந்த விளையாட்டு வளர்ந்தது. பிரெஞ்சில் இதற்குப் பெயரே 'பாராபான்ட்'. 'பான்ட்' என்றால் சரிவு.

துணி எப்படிப் பறக்குது?

பாராகிளைடரின் துணி ஒற்றை அடுக்கு இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அடுக்கு நைலான். நடுவே தடுப்புகள் வைத்து வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் தைத்திருப்பார்கள். முன்பக்கம் திறந்திருக்கும். நீங்கள் ஓடும்போது அந்த வாய் வழியாகக் காற்று புகுந்து, துணி உப்பி, விமான இறக்கையின் வடிவத்துக்கு வந்துவிடும். காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும்வரை அது இறக்கை. காற்று நின்றால் அது வெறும் துணி. இந்த விளையாட்டின் அழகும் ஆபத்தும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

இறக்கையிலிருந்து மெல்லிய நூல்கள் பல இறங்கி, இரண்டு பக்கமும் பட்டைகளில் சேரும். அந்தப் பட்டைகள் உங்கள் ஹார்னஸில் மாட்டப்படும். பைலட்டின் கையில் இரண்டு பிரேக் கைப்பிடிகள். வலது பக்கம் இழுத்தால் வலப்பக்கம் திரும்பும். இரண்டையும் இழுத்தால் வேகம் குறையும். அளவுக்கு மீறி இழுத்தால் இறக்கை பறப்பதையே நிறுத்திவிடும்.

பாராகிளைடர் எப்போதுமே கீழ்நோக்கித்தான் சறுக்கிக்கொண்டிருக்கும். அசையாத காற்றில் ஒரு டேண்டம் கிளைடர் விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லிங்கிலிருந்து பீருக்கு 1,000 மீட்டர் இறங்க எவ்வளவு நேரமாகும்? சுமார் கால் மணி நேரம். டூரிஸ்ட்களுக்கு "15 நிமிஷம், 20 நிமிஷம்" என்று சொல்வதன் கணக்கு இதுதான். அப்படியானால் சிலர் மட்டும் மணிக்கணக்கில் மேலேயே சுற்றுவது எப்படி?

பருந்துக்குத் தெரிந்த ரகசியம்

நம்ம ஊர் மத்தியான வெயிலில் பருந்து ஒன்று இறக்கையை அசைக்காமலே வட்டமடித்து மேலே போவதைப் பார்த்திருப்பீங்க. வெயிலில் சூடாகும் தரை, மேலிருக்கும் காற்றைச் சூடாக்கும். சூடான காற்று லேசாகி ஒரு தூண்போல மேலே எழும். இதுதான் 'தெர்மல்'. பருந்து அந்தத் தூணுக்குள்ளேயே சுற்றும். தான் இறங்குவதைவிட வேகமாகக் காற்று மேலே ஏறுவதால், பருந்தும் கூடவே ஏறிவிடும். பாராகிளைடர் பைலட் செய்வதும் அதே வேலைதான். ஏறுகிறோமா, இறங்குகிறோமா என்பதை 'பீப் பீப்' சத்தத்தால் சொல்லும் வேரியோமீட்டர் என்ற சின்னக் கருவி அவர் கையில் இருக்கும். பீரில் பல பைலட்டுகள் அதோடு கழுகுகளையும் பார்ப்பார்கள். இமயமலைப் பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே சுற்றுகின்றனவோ, அங்கே தெர்மல் இருக்கிறது என்று அர்த்தம்.

பில்லிங் இதுக்கு ஏன் இவ்வளவு பேர் போனது? தௌலாதாரின் சரிவு தெற்கு பார்த்து நிற்கிறது. காலையிலிருந்தே வெயில் வாங்கும். கீழே காங்ரா பள்ளத்தாக்கு, மேலே சட்டென்று 4,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். மலைத்தொடர் இடைவிடாமல் நீள்வதால், அனுபவம் உள்ள பைலட்டுகள் ஒரு தெர்மலில் ஏறி, அடுத்ததற்குச் சறுக்கி, மறுபடி ஏறி, 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் தர்மசாலா பக்கம்வரை போய்வருவார்கள்.

எந்த மாசம், எந்த நேரம்?

செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர்வரை முதல் சாய்ஸ். மழை ஓய்ந்து காற்று தெளிவாகவும் ஓரளவு நிதானமாகவும் இருக்கும். மார்ச் முதல் ஜூன்வரை இன்னொரு சீஸன். அப்போது தெர்மல்கள் வலுவாக இருக்கும். அனுபவசாலிகளுக்குக் கொண்டாட்டம், முதல்முறை போகிறவருக்குக் கொஞ்சம் குலுங்கும். மதியத்துக்கு மேல் மலையில் மேகம் கட்டுவதும் இந்த மாதங்களில் அதிகம்.

ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, மழைக்காலத்தில் இமாச்சல் முழுக்க பாராகிளைடிங்குக்குத் தடை. அந்த நாட்களில் யாராவது "வாங்க சார், நம்ம கிட்ட ஸ்பெஷல் பர்மிஷன் இருக்கு" என்று கூப்பிட்டால், திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்க.

நேரத்தைப் பொறுத்தவரை, குலுங்காமல் அமைதியாக இறங்கினால் போதும் என்பவர்கள் காலையில் சீக்கிரம் போகலாம். வெயில் ஏற ஏற தெர்மலும் ஏறும். ஊஞ்சல் மாதிரி ஆட்டமும் கூடும்.

டூர் பிளானில் பறப்பதற்கு ஒரே ஒரு நாளை ஒதுக்காதீங்க. இரண்டு நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது கடைசியில் புரியும்.

டேண்டமில் உங்க வேலை என்ன?

பைலட்டோடு சேர்ந்து இருவராகப் பறப்பது டேண்டம். பயணி முன்னால், பைலட் பின்னால். பயணி என்றதும் சும்மா உட்கார்ந்து வருவது என்று நினைத்தால் தப்பு. உங்களுக்கும் வேலை உண்டு. முதலாவது ரொம்ப முக்கியம்.

ஒன்று, ஓடுவது. பைலட் சொன்னதும் சரிவில் முன்னோக்கி ஓட வேண்டும். இறக்கை தலைக்கு மேல் எழும்பும்போது உங்களைப் பின்னால் இழுப்பது போல இருக்கும். அப்போதும் நிறுத்தக் கூடாது. கால் தரையை விட்ட பிறகும் ஓடிக்கொண்டே இருங்கள். பயத்தில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவதுதான் முதல்முறை பறக்கிறவர்கள் செய்யும் பெரிய தவறு. நீங்கள் உட்கார்ந்தால் இரண்டு பேரின் எடையும் பைலட்டின் கால்களில் இறங்கும். இறக்கைக்கு வேண்டிய வேகம் கிடைக்காது.

இரண்டு, பைலட் சொன்ன பிறகு மட்டும் ஹார்னஸில் நன்றாகப் பின்னால் நகர்ந்து உட்காருவது. நூல்களையோ, பிரேக்கையோ, பைலட்டின் கையையோ பிடிக்கக் கூடாது. ஹார்னஸின் தோள்பட்டையைப் பிடித்துக்கொள்ளலாம்.

மூன்று, இறங்கும்போது சொன்னபடி கேட்பது. நின்றபடி ஓடி இறங்கச் சொல்வார்கள், அல்லது காலை முன்னால் தூக்கிக்கொள்ளச் சொல்வார்கள். எது என்பதை மேலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பைலட்டுகளில் பலர் ஹிந்திதான் பேசுவார்கள். ஹிந்தி தெரியாதவர்கள் இந்த நான்கு வார்த்தைகளை மனப்பாடம் பண்ணிக்கோங்க. 'தௌடோ' என்றால் ஓடு. 'ருக்கோ' என்றால் நில். 'பைட்னா மத்' என்றால் உட்காராதே. 'பைர் உபர்' என்றால் காலைத் தூக்கு. காற்றில் நின்றுகொண்டு அர்த்தம் கேட்க நேரம் இருக்காது.

எங்கேதான் தப்பு நடக்குது?

பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே விளம்பரமாகிவிடும்.

2024 பிப்ரவரியில், குலு அருகே டேண்டமில் பறந்த தெலங்கானாவைச் சேர்ந்த ஒரு பெண் நடுவானில் ஹார்னஸிலிருந்து விழுந்து இறந்துபோனார். பெல்ட் சரியாக மாட்டப்படவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. 2025 ஜனவரியில் குலு பக்கம் இறந்த சுற்றுலாப் பயணி ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். பீரிலும் தனியாகப் பறக்க வந்த வெளிநாட்டுப் பைலட்டுகள் உட்படப் பலர் இறந்திருக்கிறார்கள்.

காரணங்களைப் பார்த்தால், நூல் அறுந்தது, துணி கிழிந்தது என்பதைவிட மனிதத் தவறுதான் அதிகம். அவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, மாட்ட மறந்த பெல்ட். அதிலும் குறிப்பாகத் தொடைப் பட்டை. நெஞ்சுப் பட்டை மட்டும் இருந்து தொடைப் பட்டை மாட்டாவிட்டால், கிளம்பும்போது எதுவும் தெரியாது. காலுக்குக் கீழே தரை போன பிறகுதான் உடம்பு நழுவ ஆரம்பிக்கும். ஒரு நாளைக்குப் பல தடவை பறக்கிற பைலட்டுக்கு இது பழக்கமான வேலை. பழக்கமான வேலையில்தான் மறதியும் வரும்.

இரண்டாவது, காற்று. மலைக்கு முன்னால் வீசும் காற்று மேலே தூக்கும். அதே காற்று மலையைத் தாண்டிப் பின்பக்கம் போனதும் புரண்டு சுழலும். ஆற்றில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். அந்தச் சுழலுக்குள் போகும் இறக்கையின் ஒரு பக்கம் மடங்கிவிடலாம். போதிய உயரம் இருந்தால் பெரும்பாலும் திரும்ப விரிந்துவிடும். தரைக்குப் பக்கத்தில் நடந்தால் அதற்கு நேரமில்லை.

மூன்றாவது, மேகம். இடி மேகம் கீழே இருப்பதை உறிஞ்சி மேலே இழுக்கும். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் பயிற்சிக்குப் பறந்த எவா விஸ்னியர்ஸ்கா என்ற ஜெர்மன் வீராங்கனையை ஒரு புயல் மேகம் 9,946 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. எவரெஸ்ட்டைவிட உயரம். நினைவிழந்து, உடலெல்லாம் பனி படிந்த நிலையிலும் அவர் உயிர் பிழைத்தது அதிசயம். அதே புயலில் சிக்கிய இன்னொரு வீரர் பிழைக்கவில்லை. இரண்டு பேருமே உலக அளவில் போட்டியிட்டவர்கள். திறமை இருந்தால் மேகத்தைச் சமாளிக்கலாம் என்பது பொய்.

நான்காவது, அவசரம். "சாயங்காலம் பஸ் இருக்கு, இன்னிக்கு விட்டா முடியாது" என்று பயணி நெருக்குவார். பறந்தால்தான் அன்றைக்குக் காசு என்ற நெருக்கடி பைலட்டுக்கு. இரண்டும் ஒரே மேட்டில் சந்திக்கும்போது, சுமாரான காற்றுகூட "பரவாயில்லை" என்றாகிவிடும்.

நான்காவதைக் கவனியுங்கள். அதில் பாதிப் பங்கு நம்முடையது. டேண்டம் பயணி மாற்றக்கூடிய விஷயமும் அதுதான்.

கிளம்பும் முன் ஏழு கேள்விகள்

கேட்கக் கூச்சப்படாதீங்க. நல்ல பைலட் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே உங்களுக்கான பதில்.

1. உங்கள் டேண்டம் உரிமத்தைக் காட்ட முடியுமா? இமாச்சலில் டேண்டம் பைலட்டுகளும் நடத்துநர்களும் மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்தால் போதாது. உங்களோடு பறக்கப்போகிறவரின் அட்டையைப் பாருங்கள்.

2. ரிசர்வ் பாராசூட் எங்கே இருக்கிறது? இறக்கை கைவிட்டால் விரிக்க வேண்டிய மாற்றுப் பாராசூட் இது. அது மாட்டப்பட்டிருக்கும் இடத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டட்டும்.

3. என் பட்டைகளை எண்ணிக் காட்டுவீர்களா? இரண்டு தொடைகள், நெஞ்சு, பைலட்டோடு சேர்க்கும் இரண்டு கொக்கிகள். பூட்டும் சத்தத்தைக் கேளுங்கள். நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

4. ஹெல்மெட் சரியாகப் பொருந்துகிறதா? தலையை ஆட்டினால் தனியாக ஆடக் கூடாது. தாடைப் பட்டை உடைந்திருந்தால் வேறு கேளுங்கள்.

5. இறக்கை எப்படி இருக்கிறது? நைலானுக்கு வெயில் எதிரி. நிறம் வெளுத்து, கசங்கிய காகிதம்போல, அங்கங்கே ஒட்டுப் போட்டிருந்தால், கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள்.

6. இன்றைக்குக் காற்று எப்படி? மற்ற பைலட்டுகள் பறக்கிறார்களா? மேட்டில் பத்து பைலட் துணியை மடித்து வைத்துவிட்டுக் காத்திருக்கும்போது, ஒருவர் மட்டும் உங்களைக் கிளப்பினால் நில்லுங்கள்.

7. நான் பறக்காவிட்டால் பணம் என்னாகும்? இதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். வானிலையால் ரத்தானால் திருப்பிக் கொடுப்பார்களா, மறுநாள் பறக்க வைப்பார்களா என்பது தெளிவாகிவிட்டால், மேட்டில் நின்று காசை நினைத்து முடிவெடுக்க வேண்டியிருக்காது.

கூடுதலாக ஒன்று. சாகச ஸ்டன்ட் காட்டுகிறேன் என்று வேகமாகச் சுழற்றுவது சிலருக்கு வழக்கம். வேண்டாம் என்றால் தரையிலேயே சொல்லிவிடுங்கள். மேலே தலைசுற்றல், வாந்தி வருவதுபோல இருந்தால் உடனே சொல்லுங்கள். அடக்கிக்கொள்ளத் தேவையில்லை, வெட்கமும் தேவையில்லை.

யார் தவிர்க்கணும், என்ன போட்டுக்கணும்?

கர்ப்பிணிகள், இதய நோய், வலிப்பு உள்ளவர்கள், சமீபத்தில் முதுகு, முழங்கால், வயிற்றில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் தவிர்ப்பது நல்லது. ரத்த அழுத்தம், முதுகுவலி இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எடையை உள்ளபடி சொல்லுங்கள். ஒவ்வொரு இறக்கைக்கும் எடை வரம்பு உண்டு. நாலு கிலோ குறைத்துச் சொல்வதால் ஒல்லியாகிவிடப் போவதில்லை. குடித்துவிட்டுப் போகவே கூடாது. முந்தின ராத்திரிப் பார்ட்டியின் மிச்சமும் கணக்குதான்.

கணுக்காலை மூடும் ஷூ, முழுப் பேன்ட், காற்றுப் புகாத ஜாக்கெட். புடவை, துப்பட்டா, செருப்பு வேண்டாம். கீழே பீரில் வெயில் சுள்ளென்று அடித்தாலும், மேலே காற்றில் கை விறைக்கும். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். வெறும் வயிற்றோடும் போக வேண்டாம். செல்ஃபி ஸ்டிக்கைப் பைலட் அனுமதித்தால் மட்டும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். சாகச விளையாட்டுகளுக்கு இழப்பீடு இல்லை என்ற வரி பல பாலிசிகளில் பொடி எழுத்தில் இருக்கும்.

எப்படிப் போறது? எவ்வளவு ஆகும்?

சென்னை, மதுரை, கோவையிலிருந்து டெல்லி போய், அங்கிருந்து இரவு பஸ் பிடிப்பது எளிது. சுமார் 12 மணி நேரம். விமானம் என்றால் பக்கத்தில் இருப்பது காங்ரா மாவட்டத்தின் கக்கல் விமான நிலையம். அங்கிருந்து பீருக்கு 65-70 கிலோமீட்டர். ரயில் பிரியர்களுக்கு, கன்னியாகுமரியிலிருந்து கட்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் பதான்கோட் வழியாகப் போகிறது. வாரம் ஒருமுறைதான். பதான்கோட்டில் இறங்கி பஸ்ஸிலோ டாக்ஸியிலோ நான்கைந்து மணி நேரம்.

டேண்டம் கட்டணம் சீஸனையும் நேரத்தையும் பொறுத்து மாறும். சுமார் 3,000 ரூபாயை ஒட்டி எதிர்பார்க்கலாம். வீடியோவுக்குப் பெரும்பாலும் தனிக் காசு. பில்லிங் போகும் ஜீப் செலவு இதில் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரையும்விட ரொம்பக் குறைவாக ஒருவர் கேட்டால், எதில் மிச்சம் பிடிக்கிறார் என்று யோசியுங்கள்.

தனியாகப் பறக்க ஆசை வந்துவிட்டதா? அதற்குப் படிப்படியான கோர்ஸ்கள் பீரிலும் மகாராஷ்டிராவின் காம்ஷெட்டிலும் உண்டு. முதல் சில நாட்கள் சின்ன மேட்டில் இறக்கையைத் தூக்கி நிறுத்துவது, ஓடுவது, விழாமல் இறங்குவது மட்டும்தான். பில்லிங் மேடு முதல் தனிப் பறத்தலுக்கான இடம் இல்லை. ரொம்ப தூரம் வேண்டாம் என்பவர்களுக்குப் பக்கத்தில் கேரளாவின் வாகமண் இருக்கிறது. அங்கேயும் கேட்க வேண்டியவை இதே ஏழு கேள்விகள்தான்.

திரும்பி வர்றதும் ஒரு முடிவுதான்

இரண்டு நாள் ஒதுக்கச் சொன்னது இதற்காகத்தான். இவ்வளவு தூரம் வந்து, ஜீப்பில் 14 கிலோமீட்டர் ஏறி, மேட்டில் நின்ற பிறகு காற்று மாறலாம். மேகம் வரலாம். அல்லது, காரணம் சொல்லத் தெரியாமல் உங்களுக்கே மனசு ஒப்பாமல் போகலாம். கையில் இன்னொரு நாள் இருந்தால், "இன்னிக்கு வேண்டாம் பையா, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்வது சுலபம்.

இல்லாவிட்டாலும் சொல்லலாம். அன்றைக்கு ஜீப்பிலேயே இறங்கி, மடாலயம் பக்கம் நடந்துவிட்டு, லேண்டிங் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்தபடி மற்றவர்கள் இறங்குவதைப் பாருங்கள். பல வருஷமாகப் பறக்கிற பைலட்டுகளும் அங்கே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் அன்றைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள்தான்.

மறுநாள் காற்று சரியாக இருந்தால், பெல்ட்டை எண்ணிவிட்டு ஓடுங்க. நடுவில் உட்கார்ந்துடாதீங்க!